நெல்லுக்கு வராத கிளி

அன்றைக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அத்தை, நான், கிளி ஜோசியர், கூண்டுக்குள் கிளி. வேறு யாரும் கிடையாது. அண்ணன் தானும் இருந்ததாக இன்றைக்கும் சாதிக்கிறான். ஜோசியரின் சீட்டுக்கட்டைப் பிடுங்கி எறிந்தது தான்தான் என்று அவன் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறான். அவன் அப்போது மாதா கோயில் மைதானத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். கைக்குழந்தையாக இருந்த தம்பி தொட்டிலில் தூங்கினான். வேண்டுமானால் அவனைச் சேர்த்துக்கொள்ளலாம். நியாயம் பேச வந்தால் யார் யார் கண்ணால் பார்த்தார்கள் என்பது முக்கியம், அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். அங்கே நடந்தது அநியாயம். எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது பேரன் எடுத்துவிட்டேன். இன்னும் ஆறவில்லை.

தூத்துக்குடியில் கடற்கரை ரோட்டு வாகை மரத்தடியில் அந்த ஜோசியர் உட்கார்ந்திருப்பார். ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து ஆள். முன்னால் ஒரு கூண்டு, ஒரு சீட்டுக்கட்டு, ஒரு பிடி நெல். முருகன், நாகூர் பள்ளிவாசல், வேளாங்கண்ணி மாதா என்று எல்லாச் சாமியும் அந்தக் கட்டில் உண்டு. யார் வந்தாலும் ஏமாற்றி அனுப்ப மாட்டார். ஆள் வந்து உட்கார்ந்ததும் கூண்டுக் கதவைத் திறப்பார். கிளி நடந்து வந்து அடுக்கிலிருந்து ஒரு சீட்டை உருவிப் போடும். அதற்குக் கூலி ஒரு நெல். ஒரே ஒரு நெல்! வாங்கிக்கொண்டு தானாகக் கூண்டுக்குள் போய்விடும்.

அப்பா சங்கு குளிக்கிறவர். விடியுமுன் தோணி ஏறப் போகிற வழியில்தான் அந்த மரம். மார்கழியில் ஒரு நாள் அப்பா கடலிலிருந்து வரும்போது கையில் அந்தக் கூண்டு இருந்தது.

"தெரிஞ்ச ஆளுதான். அறுப்புக்கு ஊருக்குப் போறானாம். கிளிக்குச் சொகமில்ல, ரெண்டு வாரம் வச்சிருங்கன்னான்" என்றார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இது ரெண்டு நாளே தாங்காது போலிருக்கே. செத்துப்போச்சுன்னா பழி நம்ம தலையிலயா? என்னத்துக்கு இந்தச் சவத்தத் தூக்கிட்டு வந்தியோ?"

அத்தைக்கு வேறு கவலை. எங்கள் வீட்டில் விசுவாசத்துக்குப் பொறுப்பு அத்தைதான். "கிறிஸ்தவ வீட்டுக்குள்ள ஜோசியக் கிளியா? சாமியாருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு, கூண்டின் மேல் கொஞ்சம் தீர்த்தம் தெளித்தாள்.

நான் கையை உள்ளே விட்டுக் கிளியைத் தொட்டேன். நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி குத்தியது. சதையே இல்லை. உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு, ஒரு கண் பீளை கட்டி மூடி, கூண்டின் மூலையில் சாய்ந்து கிடந்தது. இறக்கையை வெட்டியிருந்தார்கள். அடியில் எச்சம் பாறையாகக் காய்ந்திருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் ஜோசியம் கேட்டால் பத்து நெல். மழை பெய்து யாரும் வராவிட்டால் என்ன தின்னும்? உலகத்துக்கெல்லாம் நல்ல காலம் பிறக்கிறது என்று சீட்டு எடுத்துக் கொடுக்கிற பிராணிக்கு நாளைக்குச் சோறு உண்டா என்று ஒருத்தர் கேட்டதுண்டா?

கவலைப்படுவது எனக்குப் பிறவிக் குணம். அப்பா கடலுக்குப் போன நாளெல்லாம் மத்தியானம் வரை தோணி வந்துவிட்டதா என்று யாரையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்தக் கவலையோடு இதுவும் சேர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கூண்டைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் என்னையும் கிளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏளா, கோழின்னா ஒரு ஊசி போடலாம். கிளிக்கு நான் என்னத்தப் போட?"

நான் அழத் தொடங்கியதும் கிளியைக் கையில் எடுத்துப் புரட்டினார். "இதுக்கு வியாதி பாதி, பட்டினி பாதி. கதகதப்பா வையி. முதல்ல கஞ்சி மாதிரி குடு. பொறவு பழம், ஊறவச்ச பயறு, கீரை. கடக்கரையில கணவா ஓடு கெடக்குமே, அதுல ஒண்ண எடுத்துக் கூண்டுல கெட்டு. கொத்தித் திங்கும். கண்ணுக்கு வெந்நீர்ல துணிய நனைச்சு ஒத்து. அம்புட்டுதான். போ, அழாத."

குசினியில் புகை படாத மூலையாகப் பார்த்துக் கூண்டை வைத்தேன். செங்கலை அடுப்பில் சுட்டு, சாக்கில் சுற்றிக் கூண்டுக்கு அடியில் வைத்தேன். சூடு அதிகமாகி வெந்துவிடுமோ என்று பயந்து எடுப்பேன், குளிரில் விறைத்துவிடுமோ என்று பயந்து மறுபடி வைப்பேன். தம்பிக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் குழைந்த கஞ்சியை எடுத்து அலகோரம் விட்டேன். முதலில் எல்லாம் வெளியே வழிந்தது. பிறகு ஒரு சொட்டு உள்ளே போனது. அதன் தொண்டை அசைந்ததைப் பார்த்து நானும் எச்சில் விழுங்கினேன்.

"எம்புள்ளைக்கு இல்லாத கொய்யாப்பழமா அதுக்கு?" என்று அம்மா ஏசினாள். ஏசிக்கொண்டே கடைக்குப் போய் வரும்போது முந்தானையில் ஒன்று முடிந்து வருவாள். உப்பளத்து வேலியில் கோவைப்பழம் பறித்தேன். பாசிப்பயறு ஊற வைத்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்த கணவாய் மீன் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் கிளி இரண்டு கண்ணையும் திறந்து என்னைப் பார்த்து, கிட்ட வந்து, என் விரலை ரத்தம் வரக் கடித்தது. சந்தோஷத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு ஏறுமுகம்தான். தினமும் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பேன். கத்தி முனை மழுங்கிக்கொண்டு வந்தது. புது இறகு முளைத்தது. அத்தை அதற்கு 'சேசுவே தோத்திரம்' என்று சொல்லிக்கொடுக்க ஈஸ்டருக்கு முந்திய தவசுகாலம் முழுவதும் பாடுபட்டாள். கிளி அதைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொள்ளும். ஆனால் அது கற்றுக்கொண்டது அம்மாவின் வார்த்தையை. யார் குசினிக்குள் வந்தாலும் "சவமே!" என்று வரவேற்கும்.

இரண்டு வாரம் என்று போன ஜோசியர், ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். பூசை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தோம்.

"ஊர்ல காய்ச்சல்ல கெடந்தேன் அண்ணாச்சி. எந்திரிக்க முடியல" என்றார். பொய் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மனுஷன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, சட்டை கொடியில் போட்ட மாதிரி தொங்கிக்கொண்டு, பார்க்கவே அருவருப்பாக இருந்தார். கிளியைப் போட்டுவிட்டு ஊர் சுற்றியிருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் பெருமையோடு கூண்டைக் கொண்டுவந்து வைத்தேன். கையெடுத்துக் கும்பிடுவார், 'தாயி, நீதான் காப்பாத்துன' என்பார் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்லவில்லை, என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் கிளியைப் பார்த்தார். அது பளபளவென்று, தொந்தி தள்ளி, பாதி மிளகாயைக் காலில் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"இது என்ன கோலம்?" என்றார்.

அவசரமாகச் சீட்டுக்கட்டைப் பிரித்து முற்றத்தில் அடுக்கினார். நெல்லைக் காட்டிக் கதவைத் திறந்தார். கிளி வெளியே வந்தது. நெல்லைப் பார்த்தது. சீட்டு அடுக்கின் மேலேயே நடந்து போய், என் பாவாடையைப் பிடித்து ஏறி, மடியில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி எடுத்து விட்டார். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை ஒரு சீட்டை உருவியது. அவர் முகம் மலர்ந்தது. கிளி சீட்டின் ஓரத்தை நிதானமாகக் கடித்துத் துப்பிவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னது: "சவமே!"

கடிபட்டது மாதா சீட்டு. அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கெடுத்துப்புட்டியளே!" என்று ஜோசியர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "பசி இருந்தாத்தான தாயி அது நெல்லுக்கு வரும்? இப்படி வயிறு ரொம்பத் தீத்தி வச்சிருந்தா எவனுக்குச் சீட்டு எடுக்கும்? பழக்குறதுக்கு எம்புட்டுப் பாடு பட்டிருப்பேன்!"

அம்மா பிடித்துக்கொண்டாள். "என்னவே பேசுதீரு? சாவப் போனத எம்மவ பொழைக்க வச்சிருக்கா. கூலி நாங்கல்லா கேக்கணும்?"

"பொழைச்சு எனக்கு என்ன பிரயோசனம்? நாலு நாளு பட்டினி போட்டா வழிக்கு வந்துரும். பாப்போம்" என்று கூண்டுக்குக் கை நீட்டினார். "இல்லன்னா பழக்குன கிளி முப்பது ரூவா. அதைத் தாங்க, நான் வேற வாங்கிக்கிடுதேன்."

நான் கிளியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். பட்டினி போட்டால் மறுபடி நெஞ்செலும்பு வெளியே வரும், மறுபடி கண் மூடும். இந்தத் தடவை செங்கல் சூடு பண்ண யாரும் இருக்க மாட்டார்கள். "தர மாட்டேன்! நீரு பாவி! ஒம்மப் பட்டினி போட்டா தெரியும்!" என்று கத்தினேன்.

பெரியவரைப் பார்த்து அப்படிச் சொன்னதற்கு அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஜோசியர் அப்பாவைப் பார்த்து, "அண்ணாச்சிக்குத் தெரியாதா? இந்தக் கிளிகிட்டச் சீட்டு எடுக்காம ஒரு நாளு தோணி ஏறியிருப்பியளா?" என்றார்.

"சேசுவே!" என்றாள் அத்தை. அப்பா அத்தையின் பக்கம் திரும்பவே இல்லை. ஜோசியரின் துருத்திய கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டி விரட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"கிளி இங்கன கெடக்கட்டும். முப்பது ரூவா தாரேன். மொத்தமா முடியாது, மாசா மாசம் வந்து வாங்கிக்கிடும்" என்றார். பிறகு அம்மாவிடம், "ஏளா, ஒரு எல எடுத்துப் போடு. அவரும் சாப்பிடட்டும்."

கிளி எனக்குக் கிடைத்தது. ஆனாலும் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அநியாயத்துக்குப் பணமும் கொடுத்து மீன் குழம்பும் ஊற்றினால் அதற்கு என்ன பெயர்? அந்த மனுஷன் மூன்று தடவை சோறு வாங்கினார். நான் எண்ணினேன்.

அதன் பிறகு மாதாமாதம் வந்தார். புதிதாக ஒரு குஞ்சுக்கிளி வாங்கி அதையும் கூண்டோடு தூக்கிக்கொண்டு வருவார். அப்பா இரண்டு ரூபாய் கொடுப்பார், சில மாதம் மூன்று. அம்மா ஏசிக்கொண்டே சோறு போடுவாள். அவர் சாப்பிடுகிற நேரத்தில் நான் குஞ்சுக்கிளிக்கு ஊறவைத்த பயறை அது போதும் என்கிற மட்டும் தீத்திவிடுவேன். பழிக்குப் பழி. அன்று சாயங்காலம் வாகை மரத்தடியில் அது ஒரு சீட்டும் எடுக்காது. "இங்க வந்துட்டுப் போனாலே யாவாரம் படுத்துருதே" என்று அவரே ஒருமுறை சிரித்தார். தெரிந்தும் அடுத்த மாதம் ஏன் கூண்டைக் கொண்டுவந்து என் பக்கத்திலேயே வைக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. விவரம் கெட்ட மனுஷன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வருஷம் அம்மா இறால் உரிக்கிற வேலைக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். கழித்தல் கணக்கு வரைக்கும் எனக்கு நன்றாகத் தெரியும். ஜோசியருக்கு இருபத்தைந்து ரூபாய் போய்விட்டது, மிச்சம் ஐந்து. அந்தப் பருவம் சங்கு நல்ல பாடு, தோணி நிறையக் கிடைத்தது. அப்பா ரொக்கம் கொடுத்து ரேடியோ வாங்கினார். ஆனால் ஜோசியர் வந்தால் மட்டும், "இந்த மாசம் கைல இல்லவே, அடுத்த மாசம் பாப்போம். சாப்பிட்டுட்டுப் போரும்" என்பார். அலமாரிக்குள் டப்பாவில் பணம் இருந்தது. நான் பார்த்தேன்.

"குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானப்பா? அந்த ஆளு எதுக்கு நம்ம வீட்டுக்கு வரணும்?" என்று கேட்டேன்.

அப்பா கிளிக்குக் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தார். "குடுத்துட்டா?" என்றார். அவ்வளவுதான். சீட்டுப் பார்க்கிற ஆசை இவருக்கு இன்னும் விடவில்லை, அதற்காகத்தான் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, அத்தையிடம் போய்ச் சொல்லியும் கொடுத்தேன்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு ஜோசியர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அப்பா ஒரு நாள் கடலுக்குப் போகாமல், பஸ் ஏறி ஆதிச்சநல்லூர்ப் பக்கம் போய்விட்டு இருட்டுமுன் திரும்பினார். துணி சுற்றிய கூண்டு ஒன்றைக் குசினியில் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். உள்ளே அந்தக் குஞ்சுக்கிளி. அம்மா அன்றைக்கு ஏசவில்லை. நான் மட்டும், "துட்டக் கேட்டாரா?" என்றேன்.

"கேக்கல" என்றார் அப்பா.

ஐந்து ரூபாய் நமக்கு லாபம் என்று துள்ளிக்கொண்டு பயறு ஊற வைக்கப் போனேன். லாபம் ஒன்றும் இல்லை. அந்த ஐந்து ரூபாய் இன்னும் கொடுக்கவேண்டியிருக்கிறது.