வாசிக்காமல் விட்ட கீழ்ப்பகுதி

அடுத்த வளவுக்காரரை நான் சந்தையில் வைத்துக் கள்ளன் என்று சொன்னேன். அவர் கள்ளன் அல்ல. அவரைக் கள்ளன் என்று நான் எப்படி நிரூபித்தேன், என் நிரூபணம் எங்கே பிழைத்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே ஒரு வேலி. அதில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு. அவர் தோட்டத்தில் பீட்றூட்டும் வெங்காயமும் செய்கிறவர். என்னிலும் பத்து வயது இளையவர். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த என்னை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை அவர் வீட்டு இணைய லைன் அறுந்தபோது, பிரான்சில் இருக்கும் மகளோடு கதைக்கட்டும் என்று எங்கள் வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஒரு கிழமையில் அவருடைய லைன் சரிவந்தது. கடவுச்சொல்லை நான் மாற்றவில்லை.

பிறகு எங்கள் டேட்டா மாதம் முடிய முன்னரே தீரத் தொடங்கியது. ஓய்வுபெற்ற பின் கணினியை நானாகவே கற்றவன் நான். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். பெயர்கள் இல்லை, நான்கு முகவரிகள் மட்டும். வலையோடு சேர்க்கும் உறுப்பான ஒவ்வொரு அடாப்டருக்கும், எழுத்தும் இலக்கமுமாகப் பன்னிரண்டு கொண்ட ஒரு முகவரி உண்டு. இரண்டு, என்னுடையதும் மனைவியுடையதுமான கைத்தொலைபேசிகள். மூன்றாவதை அறிய, மேசையில் கேபிள் செருகியிருந்த மடிக்கணினியில் கட்டளை எழுதும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து ipconfig /all என்று தட்டினேன். வரிகள் கடகடவென்று ஓடி நின்றன. மேலே உருட்டிப்போய்த் தொடக்கத்தை வாசித்தேன்: கேபிள் செருகும் அடாப்டர், அதன் முகவரி. மூன்றாவதோடு பொருந்தியது. சாளரத்தை மூடினேன். மிஞ்சியது ஒரு முகவரி. கடவுச்சொல் தெரிந்த வெளியாளும் ஒருவர்.

அந்த முகவரியை ரவுட்டரில் தடைசெய்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

மறுநாள் காலை மருதனார்மடம் சந்தையில் அவர் பீட்றூட் நிறுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாஸ்ரர், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“தோட்டத்திலை வாறது காணாதெண்டு மற்றவையின்ரை டேட்டாவிலையும் கை வைக்கிறியோ?”

“ஆரின்ரை டேட்டா? எனக்குத்தான் லைன் இருக்கே.”

“இருக்கேக்கையும் எடுக்கிறவனைத்தான் கள்ளன் எண்டுறது. என்னட்டை நம்பர் இருக்கு. என்ரை கணக்குப் பிழைக்காது.”

தராசில் கை வைத்தபடியே நின்றார். “மாஸ்ரர் ஆதாரமில்லாமல் சொல்லமாட்டார்” என்று பின்னால் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

அன்று பின்னேரம் வேலிப் பொட்டில் தகரம் அடித்தார். பொட்டை அடைத்தால் உறவு முடிந்தது என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்டது போலப் பட்டது. அந்த மாதம் டேட்டாவும் மிஞ்சியது. வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மாரி தொடங்கியதும் என் மேசைக்கு மேலே ஓடு ஒழுகியது. கேபிளைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை உள்ளறைக்குக் கொண்டுபோனேன். வைஃபை பிடிக்கவில்லை. மறுபடி கறுப்புச் சாளரம், மறுபடி அதே கட்டளை. பழுது எங்கே என்று தெரியாததால் இம்முறை கடைசி வரிவரை வாசித்தேன். கீழே வைஃபைக்கென்று தனியாக ஓர் அடாப்டர் இருந்தது. அதற்குத் தனியாக ஒரு முகவரி. கொப்பியில் சிவப்புப் பேனையால் குறித்துவைத்திருந்த கள்ளனின் முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். பன்னிரண்டும் பொருந்தின. நான் தடைசெய்திருந்தது என் மடிக்கணினியின் வைஃபையை.

கேபிள் செருகியிருந்த நாட்களிலும் அந்தக் கணினி வைஃபையையும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு கணினிக்கு ஒரே முகவரி என்பது நானாக எடுத்துக்கொண்ட எடுகோள். கேள்வியை முடிவுவரை வாசிக்காத பிள்ளைகளின் தலையில் நான் குட்டியிருக்கிறேன்.

“அப்ப எங்கடை டேட்டா எங்கை போனது?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“நான் பின்னேரத்திலை போனிலை நாடகம் பாக்கிறது காத்திலையோ வருது?”

“அந்த மாசம் மிஞ்சினதே.”

“அந்த மாசம் நான் தங்கச்சி வீட்டிலை எல்லோ நிண்டனான். இஞ்சருங்கோ, இதை அப்பவே என்னட்டைக் கேட்டிருக்கலாம்.”

பொட்டு அடைபட்டிருந்ததால், குடையைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்க ஒழுங்கையால் சுற்றி அவருடைய படலை வாசலுக்குப் போனேன்.

“பிழை என்னிலைதான், தம்பி. அந்த நம்பர் என்ரை கொம்பியூட்டரின்ரை.”

“நான் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும் மாஸ்ரர். அதை எனக்குச் சொல்ல மழைக்குள்ளை வரத் தேவையில்லை.”

“அப்ப நான் என்ன செய்ய?”

“சந்தையிலை சொன்னனீங்கள், சந்தையிலை சொல்லுங்கோ. அண்டைக்குப் பிறகு நான் தராசைத் தூக்கினால் ஆக்கள் தட்டைக் குனிஞ்சு பாக்கினம்.”

சரியான தீர்ப்பு. மறுநாள் காலை அதே இடத்தில் நின்று சொன்னேன். வகுப்பறைக் குரல் எனக்கு இன்னும் போகவில்லை. சந்தையின் அந்தப் பக்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“இவர் என்ரை டேட்டாவை எடுக்கேல்லை. என்ரை மெசினைத்தான் நான் கள்ளனெண்டு பிடிச்சு வைச்சிருக்கிறன். அரைவாசியை வாசிச்சுப்போட்டுக் கதைச்சனான்.”

“அப்ப மாஸ்ரருக்கு எத்தினை மார்க்ஸ்?” என்றாள் பக்கத்தில் வெங்காயம் விற்கிறவள்.

“முட்டை,” என்றேன்.

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு கிலோ பீட்றூட் கேட்டேன். அவர் நிறுக்கும்போது நான் தட்டைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி அருகிலிருந்த ஆஞ்சநேயர் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவள் பையை விரித்துப் பிடித்தாள். அவளும் குனியவில்லை.

தகரம் இன்னும் பொட்டில்தான் இருக்கிறது. கழற்றச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையில்லை. நான் ஒழுங்கையால் சுற்றிப் போய்வருகிறேன்.