கடல் பஞ்சும் என் வீட்டுக்காரியும்

அம்பத்தூரில் ஒத்தை மெஷினோடு லேத்துப் பட்டறை போட்டவன் நான். அப்புறம் ஆவடியில் இன்னொன்று. கொரட்டூரில் ஏரித் தண்ணி ஏறாத உயரத்துக்கு மண்ணடித்து மாடி வீடு கட்டினேன். அஞ்சாம் கிளாஸைத் தாண்டாத நான் மகளை பி.ஃபார்ம் படிக்க வைத்தேன். எவன் துணையும் இல்லை. பயம் என்றால் இன்னாவென்று போன மாதம்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரிக்கு மார்பில் வந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டது. கொடுத்த மருந்தெல்லாம் கைவிட்டதும், வேறொரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கடல் பஞ்சிலிருந்து கண்டுபிடித்த மருந்து என்றாள் மகள். பஞ்சுதானே, கடலில் முளைக்கிற ஏதோ செடி என்று நானும் தலையாட்டினேன்.

நர்ஸ் ஊசியோடு வந்து நின்றபோதுதான், அது செடியில்லை, ஒரு பிராணி என்று பேச்சுவாக்கில் சொன்னாள். கல்யாணமான புதுசில் இறால் தொக்கு தின்று, உதடு வீங்கி, மூச்சடைத்துக் கிடந்தவள் இவள். அன்றையிலிருந்து கருவாடுகூட எங்கள் வாசப்படி ஏறியதில்லை. நர்ஸ் கையைப் பிடித்து நிறுத்தினேன். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

டாக்டர் வந்து இறால் கதையைப் பொறுமையாகக் கேட்டார், சொன்னது நல்லது என்றார். அந்தப் பஞ்சு பாறையில் ஒட்டிக் கிடக்கிற ஜீவனாம். ஓட முடியாததால், தின்ன வருவதை விரட்ட உடம்பிலேயே விஷம் வைத்திருக்குமாம். அதில் ஒன்றுதான் புற்று பெருகுவதைத் தடுக்கிறதாம். இப்போது பஞ்சே இல்லாமல் ஃபேக்டரியில் செய்கிறார்களாம். இறாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் பக்கத்தில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

விஷம் என்ற வார்த்தைதான் என் காதில் நின்றது. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடாம ஒரே எடத்துல குந்திகினு கீறதுதான் என்னைக் காப்பாத்தப் போவுதாம். நீயும் கொஞ்சம் குந்துயா."

குந்தினேன். ஊசி ஏறியது. சாயந்தரம் வரைக்கும் அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீங்கவில்லை. ஆனால் மருந்து கேட்டதா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

நைனா ஆஸ்பத்திரியில் ரகளை பண்ணிட்டாரு என்று மகள் சொந்தக்காரங்களிடம் போனில் சொல்கிறாள். இவள் பிழைத்தால் டாக்டருக்கு ஒரு கும்பிடு, அந்தப் பஞ்சுக்கும் ஒரு கும்பிடு. ஆனால் இறால் சமாச்சாரத்தை அந்த ரூமில் வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் நான். ஊருக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.