மில் கிரவுண்டில் கிழிந்த ஜெர்சி

பனியன் கம்பெனி ஓனர் மகுடேஸ்வரனுக்கு மில் கிரவுண்டு என்றால் கோயில் மாதிரி. மில்லை எப்போதோ இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். தொழிலாளிகள் ஆட்டம் பார்க்க அந்தக் காலத்தில் கட்டிய கல் கேலரி மட்டும் அசையாமல் நிற்கிறது. பொங்கலுக்கு அங்கே கபடி நடக்காவிட்டால் ஊருக்குப் பொங்கலே வந்ததாகாது. பனியன் கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு டீம் இறக்குவார்கள். ஆர்டர் போனால்கூட ஓனர்கள் தாங்கிக்கொள்வார்கள். அங்கே தோற்றால் வருஷம் முழுக்க டீக்கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

மகுடேஸ்வரனும் அங்கே ஆடியவர்தான். இடுப்பில் டிராயர், மேலே ஒன்றுமில்லை. வெற்றுடம்போடு ஆடிய மனுஷனுக்கு ஜெர்சி என்பது கம்பெனிப் பெயர் போட ஓர் இடம், அவ்வளவுதான். இந்த வருஷம் முதன்முறையாகப் பெண்கள் டீம் இறக்கியபோது, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் மட்டமென்று தள்ளிய துணியில் ஜெர்சி தைக்கச் சொன்னார். இழுத்தால் தையல் ஓரமாகவே பிய்கிற துணி. கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும்.

"புள்ளைங்க ஆட்டத்துக்கு இது போதும்" என்று சிரித்தார்.

அந்தப் புள்ளைகள் பைனலுக்கே வந்துவிட்டார்கள். ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தபோது கடைசி ரெய்டு. கேப்டன் தமிழ்மதி, அவர் கம்பெனி டெய்லர், இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். ஒருத்தி இடுப்பைப் பிடித்துச் சாய்க்க, ஜெர்சி தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. கையை நீட்டினால் நடுக்கோடு, தொட்டால் ஜெயம். இரண்டு கையும் மார்பைப் பொத்தப் போய்விட்டன.

கேலரியில் விசில் பறந்தது. செல்போன்கள் மேலே எழுந்தன. பிடித்த பெண்களே அவளைச் சுற்றி நின்று மறைத்தார்கள். அவர்களுடைய கோச் தன் துண்டைக் கொண்டு ஓடினார். முன்வரிசையில் மகுடேஸ்வரன் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம் என்பது துண்டு போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

பரிசளிப்பில் தோற்ற டீம் கேப்டன்தான் முதலில் பேசுவது அங்கே வழக்கம். தமிழ்மதி துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"எங்க ஓனரண்ணன் நல்ல துணிதானுங்க குடுத்தாரு. நாங்கதான் தையலைக் கெட்டியாப் போடலீங்க. அண்ணன் மன்னிச்சுக்கோணுங்க."

கேலரி கைதட்டியது. கம்பெனி ஆட்கள் மட்டும் குனிந்துகொண்டார்கள். அடுத்து மைக் மகுடேஸ்வரனிடம் வந்தது. எழுந்தார். தொண்டையைச் செருமினார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தார்.

"எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.