கொக்கியக்கா

யார் பேசினாலும் கொக்கியக்கா அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள். காய்கறிக் கடைக்காரர் "எல்லாம் காலையில வந்த சரக்குக்கா" என்று சத்தியம் செய்யும்போது, அழுகல் தக்காளியை அடியில் தள்ளும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே நல்லதாகப் பொறுக்கிப் போடுவார். புதிதாகப் பழகுகிறவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்துப் போவார்கள்.

தொழில் கொடுத்த பழக்கம் இது. இரும்பு வார்க்கும் ஆலையில், கூரைக்கு அடியில் ஓடும் கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள். உலை இரைச்சலில் கீழே நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே எட்டாது. அவன் கைதான் பேசும்: தூக்கு, இறக்கு, கொஞ்சம் இடது பக்கம், மெதுவா. மேலேயிருந்து பார்த்துப் பார்த்து ஆலையில் இருந்த அத்தனை பேரின் உச்சந்தலையும் அவளுக்கு அத்துப்படி. மேலாளருக்குச் சொட்டை விழும் சேதி அவர் மனைவிக்குத் தெரியும் முன்பே கொக்கியக்காவுக்குத் தெரியும். கிரேன் கொக்கியை வைத்துத்தான் அந்தப் பெயரும் வந்தது. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இரண்டு தரம் யோசிப்பாள்.

ஒருநாள் கூண்டையே கழற்றிவிட்டார்கள். இனி கீழே நடந்துகொண்டே பொத்தானை அழுத்தினால் கிரேன் ஓடுமாம். மேலாளர் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, நீங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று உருகினார். அக்கா வழக்கம்போல் கையைப் பார்த்தாள். அது பேனாவை மூடிவிட்டு அடுத்த கோப்பை இழுத்துக்கொண்டிருந்தது. "அப்பவே எழுந்துட்டேன். பாவம், அவரு பேசி முடிக்கவே இல்ல" என்பாள்.

அதற்குப் பிறகான நாட்களைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரியாததுபோல் இருந்தார்கள். கூண்டு இல்லையென்றால் நான் யார் என்று அவளுக்கே விளங்கவில்லை. தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் "இப்ப வீட்லதான் சும்மா இருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் 'சும்மா' அவளுக்குச் செருப்பில் புகுந்த கல்லாக உறுத்தியது.

செருப்புக் கடை வைத்திருக்கும் அண்ணன், தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர். கடைக்கு வந்து உட்காரு, பொழுது போகும் என்றார். போனாள். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் அவர் சொன்னார்: "என் தங்கச்சி. வேலை போயிடுச்சு, பாவம். அதான் இங்க உட்கார வச்சிருக்கேன்." சில நாள் பொறுத்தாள். பிறகு ஒரு மதியம், ஒரு குடும்பமே செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எழுந்து நின்றாள்.

"அண்ணே, போனது வேலைதான். என் தொழில் எங்கயும் போகல. யாராவது கேட்டா, என் தங்கச்சி கிரேன் ஆப்பரேட்டர்னு சொல்லு."

அண்ணன் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தையல்காரரான கணவரோ தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லதாப் போச்சு. நீ தரையில இருந்தா வீட்ல ஒருத்தருக்கும் நிம்மதி இல்ல. எங்கயாவது ஏறிடு" என்றார்.

டவர் கிரேன் பயிற்சியில் சேர்ந்து சான்றிதழும் வாங்கினாள். பிறகு கட்டடம் கட்டடமாக வேலை கேட்டுப் போனாள். ஒருவர் வயதைச் சொன்னார், ஒருவர் கிரேனின் உயரத்தைச் சொன்னார். துணைக்கு வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா என்று கேட்டவரும் உண்டு. "கூண்டுல ஒரு சீட்டுதான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். எல்லோரும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள்: சொல்லி அனுப்புகிறோம். ஒரு பயலும் சொல்லி அனுப்பவில்லை.

போன வாரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எழும்பும் கட்டடத்தில் கிரேன் ஓட்டுகிறவன் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டான். மேஸ்திரிக்கு வேறு வழியில்லை. ஏறி ஒரு கம்பிக் கட்டைத் தூக்கிக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார். பையைக் கீழேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, இருக்கட்டும் என்று தோளில் மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தாள்.

ஆலைக் கூண்டு இதற்கு முன்னால் வெறும் ஊஞ்சல். இங்கே காற்றடித்தால் கூண்டே ஆடியது. "பயந்துட்டேன், பொய் சொல்ல மாட்டேன்" என்கிறாள். காற்று கொஞ்சம் அடங்கும்வரை எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கீழே சிலர் சிரித்தது தெரிந்தது. பிறகு கம்பிக் கட்டைத் தூக்கினாள். அது மெல்லத் திரும்பி, தளத்து ஆட்கள் காட்டிய இடத்தில் போய்ப் படுத்தது. யாரும் கை தட்டவில்லை. அடுத்த கட்டு என்று சைகை காட்டினார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு பலகைகள், அதன் பிறகு இன்னொரு கட்டு. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஓய்வில்லை.

வாக்கி டாக்கியில் மேஸ்திரி குரல் வந்தது. "நல்லாவே பண்றீங்கம்மா. இறங்கி வாங்க. முதலாளிகிட்ட பேசிட்டு சொல்லி அனுப்புறோம்."

"பேசுங்க சார். நான் இங்கயே இருக்கேன். மதியம் சிமெண்ட் மூட்டை ஏத்தணும்ல?"

பதில் வரும் என்று அவள் காத்திருக்கவில்லை. பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து மடியில் வைத்து, மூடியைத் திறந்தாள்.