நான்காவது ஹோடி

இதைச் சொல்வதால் எனக்கென்ன பெருமையா வரப்போகிறது? மானம்தான் போகும். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஆப்பிரிக்கக் கடலோரத்தில் எங்கள் ஊர் பங்கானியில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுப்போம். உள்ளேயிருந்து "கரிபு" என்றால்தான் படியேறுவோம். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். பக்கத்து வீட்டு துனு அக்கா உயிரே போனாலும் அந்த முறையை மீற மாட்டார்.

அன்று மத்தியானம் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று தலை சுற்றியது. காதுக்குள் 'ஙொய்ங்...' என்று ஒரு இரைச்சல். பிறகு எதுவுமே இல்லை. சுத்தியலால் தரையில் அடித்தேன். சத்தமில்லை. ரேடியோவை முழுதாகத் திருகினேன். ம்ஹூம்.

முந்தின நாள்தான் துனு அக்காவின் ஆடு என் கீரையைத் தின்றதற்கு ஊர் கேட்கச் சண்டை போட்டிருந்தேன். இன்று நான் செவிடன். யாராவது வந்து பேசினால்? வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டத் தொடங்கியது...

"ஹோடி."

தெளிவாகக் கேட்டது. அப்பாடா, காது வந்துவிட்டது என்று திரும்பினேன். வாசலில் துனு அக்கா. ஒரு காலில் மட்டும் செருப்பு.

"கரிபு" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை...

அவர் குரல் மட்டும் கேட்டது. "இவ்வளவு நேரமாக்கிட்டியே, தம்பி."

படியேறினார். என்னைக் கடந்து உள்ளே போனார்.

பின்னறை இருட்டில்... காணோம்.

சந்தைக்குப் போயிருந்த என் மனைவி சிகுஜுவா அப்போதுதான் ஓடிவந்தாள். வாய் அசைந்தது; ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போனாள். என் வாசற்படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

பக்கத்து வீட்டில், பாயில், வெள்ளைத் துணிக்குள் துனு அக்கா.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதால் இரண்டு காதும் போனதாக ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். வலது காது பிறகு கொஞ்சம் திரும்பியது. எதிர்வீட்டில் மீன் பொரித்து விற்கும் ம்வாஜுமா வந்து கேட்டாள்:

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அக்கா மூணு தடவை ஹோடி சொன்னாங்க. நீ முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தே. திரும்பி நடந்தவங்க உன் வாசல் மரத்தடியிலேயே விழுந்துட்டாங்க. ஊரே கூடி அழுதுச்சு. அப்பவும் நீ திரும்பல. ஒரு ஆட்டுக்காகவா, ஷொமாரி?"

காது போனதைச் சொன்னேன். நம்பினாளோ என்னவோ. அந்த மரத்தடியை இன்றும் தலையைக் குனிந்துகொண்டுதான் கடக்கிறேன்.

ஊர் கேட்டது மூன்று ஹோடி. நான் கேட்டது நான்காவது... அக்காவின் மையித்தைக் குளிப்பாட்டி முடித்த பிறகு.

அதற்குத்தான் நான் கரிபு சொன்னேன். அவரும் உள்ளே வந்தார்.

வெளியே போனதை நான் பார்க்கவில்லை.