சிவப்பு மையில் மூடிய தாடை

முப்பத்திரண்டு வருடம் வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு எனக்கென்று மிஞ்சிய ஒரே கோப்பு, என் இடது கீழ்த்தாடை. வீங்கியது, திண்டிவனத்தில் பல் பிடுங்கியது, மாத்திரை தின்றது, வடிந்தது என்று தேதிவாரியாக எழுதுவேன். வலி நின்றதும் மிச்ச மாத்திரையையும் நிறுத்திவிட்டு, சிவப்பு மையில் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று கையெழுத்திட்டு மூடிவிடுவேன். அப்படி மூன்று முறை மூடியதில் மூன்று பற்கள் போயின. நான்காம் முறை ஈறில் சீழ் கசிந்து, கீழுதடு மரத்துப்போனது. புற்றாக இருந்தால் பாதித் தாடையை எடுக்க நேரிடலாம் என்று சொல்லி, பல் மருத்துவர் விழுப்புரத்துக்குச் சீட்டெழுதினார்.

பஸ்ஸில் மனைவி, “தாடையே போனாலும் நீங்க பேசறத நிறுத்தவா போறீங்க” என்றாள். என் முழங்கையைப் பிடித்த கையை விழுப்புரம் வரை எடுக்கவில்லை.

அங்கே அறுவை மருத்துவருக்கு என் மகள் வயது. கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தார். என் சர்வீஸில் எந்த மேலதிகாரியும் செய்யாத காரியம்.

“சார், நீங்க கையெழுத்துப் போட்டு மூடின ஒவ்வொரு தடவையும் மூணாவது வாரத்துல திரும்ப வீங்கியிருக்கு. சதையில இருந்த வீக்கந்தான் வடிஞ்சுது. எலும்புக்குள்ள கிருமி குந்திக்கினே இருக்குதோன்னு சந்தேகமா இருக்கு. எலும்பை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்.”

அவ்வளவு பேருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பிய நான், கோப்பைத் திருப்பி வாங்கி என் கையெழுத்துகளின் தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் துணுக்கெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் வீட்டில் பேசவில்லை. மனைவிக்கு அதுதான் பயமாக இருந்ததாம். புற்றில்லை, நாள்பட்ட எலும்பு அழற்சி என்று வந்தது. புளியங்கொட்டை அளவு செத்த எலும்பைச் சுரண்டி எடுத்து, அந்தக் கிருமிக்கென்றே வாரக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் வலி போனது. கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. அது மனைவியின் இடுப்பில் செருகியிருந்தது.

“டாக்டரம்மா சொல்லாம மூடுனீங்கன்னா பேஜாராயிடும்.”

கடைசி மாத்திரை வரை விழுங்கினேன். அடுத்த ஸ்கேனில் குழியில் புது எலும்பு வளர்ந்திருந்தது. மருத்துவர் என் கோப்பிலேயே, ‘ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கவும்’ என்று நீல மையில் எழுதினார்.

திரும்பும்போது திண்டிவனம் பஸ் நிலையத்தில் வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கினேன். இடப்பக்கம் மிச்சமிருந்த பற்களுக்கிடையில் ஒன்றை வைத்துக் கடித்தேன். நொறுங்கியது மல்லாட்டைதான். மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பொட்டலம் வாங்கினேன்.