சூடேறினால் அணையும் விளக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ராஜபாளையத்திலிருந்து எங்கள் பழைய காரில் போய் வருவேன். ஒரு நாள் இருட்டிய பிறகு திரும்பி வரும்போது, எதிரே பஸ் வந்துகொண்டிருந்த நேரத்தில் முன்விளக்கு இரண்டும் அணைந்துவிட்டன. ரோடே தெரியவில்லை. இடது பக்கம் மண்ணில் இறக்கி நிறுத்தினேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லைட் ஸ்விட்சை நாலைந்து தடவை திருகியதும் வெளிச்சம் வந்தது. வீடு சேர்ந்ததும் நடந்ததைச் சொன்னேன்.

என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காரில் போய் உட்கார்ந்து விளக்கைப் போட்டுப் பார்த்தார், எரிந்தது.

"இண்டிகேட்டரப் போடுதேன்னு லைட்ட அணைச்சிருப்ப," என்றார். இரண்டுக்கும் அந்த ஒரே ஸ்விட்ச்தான்.

அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. அவர் போட்டால் எரிந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு நான் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். பயத்தைவிட, நடந்ததை நடந்தது என்று காட்ட முடியாததுதான் மனதை அரித்தது. என்னிடம் வருகிறவர்களிலும் சிலர் அப்படி உண்டு. வீட்டில் காய்ச்சல் கொதித்திருக்கும். ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்தால் உடம்பு சில்லென்றிருக்கும். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைத்ததில்லை.

பஸ்ஸில் போகும்போதுதான் ஒன்று பிடிபட்டது. இரண்டு தடவையும் விளக்கு போட்டவுடனே அணையவில்லை, பாதி வழி தாண்டிய பிறகே அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொல்லி, விளக்கைப் போடச் சொன்னேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொட்டகைச் சுவரில் வெளிச்சம் விழுந்தது.

"எம்புட்டு நேரம் இப்படி உக்காந்திருக்கணும்?"

"செத்த நேரம் இருங்க."

கால் மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று சுவர் மங்கியது. அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் மடியில்தான் இருந்தன.

"ஒன் கைதான் பட்டுருக்கும்னு நெனச்சேன்," என்றார் மெதுவாக.

பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் மூடியை அவரே திறந்தார். ஸ்விட்ச் வெளியே வந்ததும் என்னிடம் நீட்டினார். பொடிச் சாமான்கள் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பிரித்தேன். உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளி விழ, அவர் தரையில் தடவித் தேடி எடுத்துத் தந்தார். செம்புத் தகடு ஒன்று கரி பிடித்து, நுனி தளர்ந்து கிடந்தது. சூடேறியதும் விலகி விளக்கை அணைத்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, லேசாக வளைத்துத் திரும்ப மாட்டினோம்.

மறுபடி விளக்கைப் போட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். கொஞ்சம் கழித்து அவர் கேட்டார்:

"அன்னைக்கு பஸ்ஸு எம்புட்டுக் கிட்ட வந்துச்சு?"

நான் முதலிலிருந்து சொன்னேன். மண்ணில் சக்கரம் வழுக்கியதையும், வண்டியை நிறுத்திவிட்டு அழுததையும் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காரில்தான் வேலைக்குப் போனேன்.